டாலரன்ஸ் போடாத சீட்டு

ஓக் சாங்மான் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டதும் நீராவி இஸ்திரியை அணைத்துவிட்டேன். அந்த இஸ்திரி போடும் ‘புஸ்’ சத்தத்தில் எத்தனையோ நல்ல விஷயங்கள் என் காதுக்கு வராமலே போயிருக்கின்றன.

துப்பறியும் நிபுணர் பியோ தேசிக்கின் ஆபீஸ் என்பது என் லாண்டரியின் பின்பாதி. நடுவில் சுவர் கிடையாது. கம்பியில் தொங்கும் கோட்டுகள்தான் சுவர். இடம் கொடுத்ததற்குப் பதிலாக ஒட்டுக்கேட்கும் உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். பியோ சார் அதற்கு ‘உதவியாளர்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார். எதிர்வரிசை சலூன்காரி வேறு பெயர் வைத்திருக்கிறாள். வைக்கட்டும். இப்போது அவள் காலம்.

போலந்துக்காரர்கள் பீரங்கி கேட்க ஆரம்பித்த நாள் முதலாக எங்கள் சாங்வோன் நகரத்தில் பீரங்கி செய்யும் பெரிய கம்பெனி ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் முப்பதைத் தாண்டியவன் விண்ணப்பம் போட்டால் வாசலிலேயே சிரிப்பார்கள். இப்போது ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும், வயதைக் கேட்பதில்லை. சலூன்காரியின் மகன் ஸ்பானரைக்கூடத் தலைகீழாகப் பிடிப்பான். அவனையும் எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே தெருமுனையில் வாழ்த்துப் பேனர் கட்டினாள், சரியாக என் கடைக் கண்ணாடிக்கு எதிரே. எனக்கு வெயில்கூட இப்போது அவள் மகனின் பெயர் வழியாகத்தான் வருகிறது. என் மகன் அரசாங்கப் பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகப் படிக்கிறான். நான் பேனர் கட்ட வேண்டுமென்றால் அவன் தூக்கத்துக்குத்தான் கட்ட வேண்டும்.

சரி, ஓக் முதலாளிக்கு வருகிறேன். அவருக்கு பல்யோங் பகுதியில் லேத் பட்டறை இருக்கிறது. ஐம்பத்தாறு வயது, ஆறடி உயரம், குரல் சுத்தியல். அப்படிப்பட்ட ஆள் என் கோட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து உடைந்துகொண்டிருந்தார்.

“பத்தொன்பது வருஷம் சார். ஒரே கூரை, ஒரே பானைச் சோறு. இப்ப போன் வந்தா கம்ப்ரஸர் பின்னாடி போய் நின்னு பேச்சு. நான் போனா பேச்சு நின்னுடுது. சனிக்கிழமை மத்தியானம் ஆளைக் காணோம், எங்கன்னு தெரியல. என் முகத்தைப் பார்க்கக்கூட...”

கடவுளே, புன்ஹீயா இப்படி! எனக்கு அடிவயிற்றில் ஒரு குளுமை பரவியது. ஓக்கின் மனைவி மேங் புன்ஹீ நாற்பத்தொன்பது வயதுக்காரி. பட்டறைக்குச் சமைத்துப் போட்டு, கழுவி வைத்து, செய்த சாமானை அளந்தும் பார்த்து, பேசாமலே வாழ்கிற பெண். அவளுக்குள் இப்படி ஒரு கதையா?

“யாருன்னு மட்டும் கண்டுபிடிங்க சார்,” என்றார் ஓக். “என் யங்டேயை யாரு இழுக்கறான்னு.”

குளுமை போய்விட்டது. நான் இரண்டு மழைக்கோட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினேன். “யங்டேயா? உங்க பட்டறை பாங் யங்டேவா? இவ்வளவு நேரம் அந்த ஆளைப் பத்தியா அழுதீங்க?”

“நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?”

“என் கடைதான்.”

“லாண்டரியம்மா, வாங்க, உட்காருங்க,” என்றார் பியோ சார். அவர் எதற்கும் அவசரப்பட மாட்டார். அதே பெரிய கம்பெனியின் வாசலில் இருபத்தாறு வருடம் காவலாளியாக நின்று ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறிவாளர் சான்றிதழ் வாங்கினார். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். முகத்தை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். ஷூவை மாற்ற நேரமாகுமாம்.

“ஒரு வருஷத்துல நாலு பேர் போயாச்சு சார்,” ஓக் விரல்களை நீட்டினார். “நாலு பேரும் பெரிய கம்பெனிக்கு. அவங்களுக்குத்தான் நான் சிலிண்டர் செஞ்சு குடுக்கறேன். பீரங்கி சுட்டா பின்னாடி ஒரு உதை உதைக்குமில்ல, அந்த உதையைத் தாங்கற சிலிண்டர். ஒரு கையால ஆர்டர் குடுக்கறாங்க, இன்னொரு கையால ஆளைத் தூக்கறாங்க. இது என்ன நியாயம்?”

“போன நாலு பேரோட காப்பி கப்பையும் உடைச்சீங்களாமே?” என்றேன்.

“யார் சொன்னா?”

“உங்க யூனிஃபார்ம் என்கிட்டதானே துவைக்க வருது. பாக்கெட்ல பீங்கான் சில்லு. ஒண்ணுல பாதிப் பேர்கூட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.”

ஓக் சிவந்தார். கைவிடப்பட்ட காதலன் கடிதத்தைக் கிழிப்பான், பட்டறை முதலாளி கப்பை உடைக்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

“யங்டே போனா என்ன ஆகும்?” பியோ சார் கேட்டார்.

“முடிஞ்சுது. திங்கக்கிழமை பெரிய கம்பெனி ஆடிட். சிலிண்டரோட உள்பக்கத்தைக் கடைசியா இழைக்கறது யாருன்னு பேர் கேட்பாங்க. அந்த ஆளை நிறுத்தி கண்ணு முன்னாடி செய்யச் சொல்வாங்க. என் பட்டறையில அந்தக் கை ஒண்ணுதான் இருக்கு. அது இல்லேன்னா ஆர்டர் அடுத்த பட்டறைக்கு. நான் ஷட்டரை இழுத்துட்டு மீன் பிடிக்கப் போக வேண்டியதுதான்.”

“அவர்கிட்டயே கேட்கலாமே, போறியா இருக்கியான்னு?”

ஓக் பியோ சாரைப் பரிதாபமாகப் பார்த்தார். “கேட்டு, ஆமான்னு சொல்லிட்டான்னா?”

இந்தப் பதிலைக் காதல் கல்யாணம் செய்தவர்களிடம்கூட நான் கேட்டதில்லை.

ஓக் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் பிரித்தார். எண்ணெய்க் கறை. பென்சிலில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று எண்கள்: 235, 90, 56.

“எங்க கிடைச்சுது?”

“அவன் குப்பைத் தொட்டியில.”

“தானா கிடைச்சுதா?”

“...கொஞ்சம் கிளறினேன். அவன் எழுத்துதான். அவன் அஞ்சு போட்டா வாத்து மாதிரி இருக்கும். நீளம் 235, வெளி விட்டம் 90, உள் துளை 56. நேத்து ராத்திரி முழுக்க டிராயிங் எல்லாத்தையும் புரட்டிட்டேன், இப்படி ஒரு பீஸ் நம்மகிட்ட இல்லவே இல்ல. வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பீஸ் செஞ்சு காட்டச் சொல்வாங்க சார். இது அதுதான்!”

பியோ சார் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“யங்டே எப்பவாவது டாலரன்ஸ் போடாம அளவு எழுதுவாரா?”

“யங்டேயா!” ஓக்குக்குத் துக்கத்திலும் பெருமை வந்தது. “கூடக் குறைய எவ்வளவு போகலாம்னு எழுதாம அவன் பென்சிலைக் கீழ வைக்கவே மாட்டான். போன கிம்ச்சி ஊறுகாய் சீசன்ல உப்பு வாங்கச் சீட்டு எழுதினான். ரெண்டு கிலோ, கூடக் குறைய இருபது கிராம்னு போட்டிருந்தான்.”

“இதுல போடலையே.”

ஓக் குனிந்து சீட்டை உற்றுப் பார்த்தார்.

“அப்ப இது செய்யப்போற பீஸ் இல்ல,” என்றார் பியோ சார். “கடையில ரெடியா கிடைக்கற சாமான். பெரிய கம்பெனியில புதுசா ஆள் சேர்றப்ப, முதல் நாளைக்கு முன்னாடி போன் பண்ணி மூணே மூணு அளவு கேட்பாங்க. இதே வரிசையில. சேஃப்டி ஷூ. ஜாக்கெட். ஹெல்மெட். அந்த மூணையும் வெச்சுக்கிட்டு வாசல்ல வரிசையா நிப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் நான்தான் சரிபார்த்து உள்ள விடுவேன்.”

ஓக் முகம் சாக்பீஸ் ஆனது. “சேர்ந்தே விட்டானா!”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “முதலாளி, பயப்படாதீங்க. இருநூத்தி முப்பத்தஞ்சு மில்லிமீட்டர் ஷூவா? யங்டே ஸ்னீக்கரை நான் துவைச்சிருக்கேன். அது ஷூ இல்ல, படகு. இது பொம்பளைக் கால். ஜாக்கெட் தொண்ணூறுங்கறதும் பொம்பளை அளவுதான்.”

பியோ சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அவரிடம் இருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு அது.

ஓக் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். பாதியில் அந்தப் பெருமூச்சு நின்றது.

“பொம்பளையா? யங்டேவுக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

நாற்பத்து மூன்று வயது பிரம்மச்சாரிக்கு ஒரு பெண் கிடைத்திருக்கிறாள் என்றால் மனிதன் சந்தோஷப்படுவான். இவருக்குப் பொறாமை கம்பெனியிலிருந்து அந்தப் பெண்மேல் தாவிவிட்டது, அவ்வளவுதான்.

“சலூன்காரிதான்!” என்றேன். “மகன் போதாதுன்னு இவளும் கிளம்பிட்டா.”

“அவங்க கால் இருநூத்தி அம்பது,” என்றார் பியோ சார். “எதுக்கும் அவங்க மேல ஒரு கேஸ் வேணும்னா தனியா ஆரம்பிப்போம். இப்ப கம்பெனியிலேர்ந்து யங்டே நம்பருக்கு ஏன் போன் வரணும்? சேரப்போறவ தன் நம்பரைக் குடுக்க முடியாத இடத்துல இருக்கா. கிளம்புங்க, பட்டறைக்குப் போவோம்.”

“என்ன சாக்கு சொல்லி?”

“அழுக்கு யூனிஃபார்ம் எடுக்க வந்தோம்.”

*

நாங்கள் போனபோது மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. பட்டறையின் ஓரத்தில், தரை சூடேறும் அறையில், ஆட்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து பன்றிக்கறி சூப்பில் சோற்றைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஷூக்கள் வெளியே வாசற்படியில் வரிசையாகக் கிடந்தன. பியோ சாருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. பண்டிகைக் கடையில் பட்டுத்துணி பார்ப்பவர்களைப்போல ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அழுக்கு மூட்டையை இழுக்கிற சாக்கில் குனிந்து ஷூக்களின் அடியில் இருந்த எண்களைப் படித்தேன். 265. 270. 260. 270. ஒரு பெரிய படகு, 280.

“அதுதான் யங்டே,” ஓக் கிசுகிசுத்தார். “வலது கால் கொஞ்சம் வெளிப்பக்கமாத் தேயும்.”

“மொத்தம் எத்தனை பேர் வேலை செய்யறாங்க?” பியோ சார் கேட்டார்.

“பதினோரு பேர்.”

பதினோரு ஜோடிகளையும் பார்த்தாகிவிட்டது. இருநூற்று முப்பத்தைந்து எங்கும் இல்லை. உள்ளே யங்டே எங்களைப் பார்த்துவிட்டு, தலையைக் கிண்ணத்துக்குள் விடாத குறையாகக் குனிந்தார். ஓக் பல்லைக் கடித்தார்.

“பார்த்தீங்களா? திருட்டு முழி!”

“கம்பெனி போன் வந்த அன்னிக்கு அவர் என்ன பண்ணார்? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“கம்ப்ரஸர் பின்னாடி போனான். பேசினான். அப்புறம் அளவு ரூமுக்குள்ள போனான். ஒரு நிமிஷத்துல இந்தச் சீட்டோட வெளிய வந்தான். மறுபடி கம்ப்ரஸர், மறுபடி போன். எண்ணைப் பார்த்துப் பார்த்துச் சொன்னான். சீட்டைக் கசக்கித் தொட்டியில போட்டான்.”

“அளவு ரூம்ல அப்ப யார் இருந்தா?”

“யாரும் இல்ல.”

“யாருமே இல்லையா?”

“யாருமில்ல சார். என் பொண்டாட்டி மட்டும்தான் இருந்தா.”

நான் கையிலிருந்த மூட்டையைக் கீழே விட்டேன். பியோ சார் முதல் தடவையாக ஓக்கின் காலிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஓக் முதலாளி. உங்க ஷூ என்ன அளவு?”

“இருநூத்தி எழுபது.”

“யங்டேவோடது?”

“இருநூத்தி எம்பது. இப்பத்தானே சொன்னேன்.”

“உங்க மனைவியோடது?”

ஓக் பதில் சொல்லத் தயாராக வாயைத் திறந்தார். பத்தொன்பது வருடப் பட்டறை, அதற்கு முன்னால் ஏழு வருடக் கல்யாணம், எல்லாம் அந்த வாய்க்குள் தேடப்படுவதை நான் பார்த்தேன். எதுவும் அகப்படவில்லை.

“இருநூத்தி முப்பத்தஞ்சு,” என்றது பின்னால் ஒரு குரல்.

மேங் புன்ஹீ கரண்டியும் கையுமாக நின்றாள். அவள் பின்கட்டு வழியாக வருகிறவள். அவள் செருப்பு அங்கே கிடக்கும். அந்தப் படியில் அவளுடையது என்றைக்கும் கிடந்ததில்லை.

“நீயா?” என்றார் ஓக்.

“நான்தான்.”

“எங்க போற?”

“பெரிய கம்பெனி. தர ஆய்வுப் பிரிவு. முதல் தேதி சேரணும்.”

உள்ளே பதினோரு கரண்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன. யங்டே வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“அண்ணே, நான் அன்னிக்கே சொல்லலாம்னுதான்...”

“நீ பேசாத! சனிக்கிழமை எங்கடா போனே?”

“நூலகத்துக்கு, அண்ணே. அங்க கம்ப்யூட்டர் இருக்கு, இங்கன்னா நீங்க பார்த்துடுவீங்க. அளவு ரிப்போர்ட் எல்லாம் கம்ப்யூட்டர்ல அடிக்கணுமாம். அண்ணிக்குச் சொல்லிக் குடுத்தேன். எனக்கும் தெரியாது, ரெண்டு பேருமா சேர்ந்து கத்துக்கிட்டோம்.”

“உனக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது! நாற்பத்தொன்பது வயசுல உன்னை எப்படி எடுத்தாங்க?”

“பத்து சிலிண்டர் குடுத்து, இதுல எது தப்புன்னு கேட்டாங்க,” என்றாள் புன்ஹீ, சூப் விலை சொல்வதுபோல. “பத்தும் சரி, உங்க மைக்ரோமீட்டர்தான் தப்புன்னேன். வேற ஒண்ணு கொண்டுவந்து அளந்து பார்த்தாங்க. அப்புறம் டீ குடுத்தாங்க.”

பொறாமையில் எனக்குக் காது சூடானது. என் வாழ்நாளில் இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொல்லப்போவதில்லை.

“என்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் ஓக். “போன நாலு பேரும் சொல்லாமத்தான் போனாங்க. நீயுமா?”

புன்ஹீ கரண்டியைப் படியில் வைத்தாள்.

“யங்டே சோத்துல ஒரு வாய் மீதி வெச்சா, என்னடா உடம்புக்குன்னு கேட்பீங்க. செவ்வாக்கிழமை மெடிக்கலுக்காக நான் காலையிலேர்ந்து தண்ணிகூடக் குடிக்கல. நீங்க பார்க்கல. போட்டோவுக்காக முடி வெட்டிக்கிட்டேன். தெருவே பார்த்துச்சு. யங்டே எங்க போறான், யார்கூடப் பேசறான், ஷூ எந்தப் பக்கம் தேயுது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். இவன் மேல எனக்கு எவ்வளவு பொறாமைன்னு தெரியுமா? நல்ல மனுஷனா வேற இருந்து தொலைக்கறான், திட்டக்கூட முடியல.”

யங்டே தன் பெரிய பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வர்றவங்ககிட்ட எல்லாம் பதினோரு பேர் வேலை செய்யற பட்டறைம்பீங்க. நான் உள்ளேர்ந்து ஒவ்வொரு தடவையும் எண்ணிப் பார்ப்பேன். எனக்கு பன்னெண்டுதான் வரும்.”

கம்ப்ரஸர் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. ஓக் யங்டே பக்கம் திரும்பினார். பாவம், அவருக்கு வேறு பக்கம் திரும்பிப் பழக்கமில்லை.

“அப்ப நீயும் போறியாடா?”

“மூணு தடவை கூப்பிட்டாங்க அண்ணே. வரலைன்னுட்டேன்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க கேட்கலையே.”

பியோ சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். வழக்கமாக அதற்கு ‘கேஸ் முடிந்தது’ என்று பொருள். ஆனால் முடியவில்லை. யங்டே தலையைச் சொறிந்தார்.

“ஆனா ஒண்ணு அண்ணே. நான் இழைச்சு முடிக்கற பத்துல மூணை அண்ணி திருப்பி அனுப்பிடுவாங்க. உங்களுக்குத் தெரியாம மறுபடி செய்வேன். கையோ என்னுது, கண்ணு அவங்களுது. அவங்க போனப்புறம் அந்த மூணு எதுன்னு எனக்கே தெரியாது.”

ஓக் படியில் உட்கார்ந்துவிட்டார், மூன்று ஜோடி ஷூவின் மேல். திங்கட்கிழமை பறிபோகும் என்று நினைத்த கை பத்திரமாக இருந்தது. இத்தனை நாளும் கணக்கிலேயே வராத கண் போய்க்கொண்டிருந்தது.

“ஆடிட்டுக்கு நான் இருப்பேன்,” என்றாள் புன்ஹீ. “முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. ஆனா எனக்கு உங்ககிட்டேர்ந்து ஒண்ணு வேணும்.”

மேலங்கிப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். அனுபவச் சான்றிதழ். பழைய முதலாளியின் முத்திரை இல்லாமல் பெரிய கம்பெனி யாரையும் சேர்ப்பதில்லை. பெயர், பிறந்த தேதி, பத்தொன்பது வருடம் இரண்டு மாதம், எல்லாம் அழகாக அடித்திருந்தாள். ‘பதவி’ என்ற இடமும் முத்திரைக் கட்டமும் காலியாக இருந்தன.

“நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும். குடுக்கலேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க.”

“முத்திரை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமே,” ஓக் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “நீயே குத்திக்கிட்டிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காதுதான். ஆனா இது நான் குத்தற முத்திரை இல்ல.”

அவர் குத்தவில்லை என்றால் கண் பட்டறையிலேயே இருக்கும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நாளை மாலை ஐந்து மணிவரை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இதை ஓக் யோசிப்பது அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. புன்ஹீக்கும் தெரிந்தது. அவள் அளவு அறையின் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓக் எழுந்து உள்ளே போனார். நாங்களும் போனோம். கூப்பிடவில்லைதான், கூப்பிட்டுத்தான் போக வேண்டுமென்றால் நான் எந்த இடத்துக்கும் போயிருக்க முடியாது. அவர் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். பேனாவால் பதவிக் கட்டத்தில் ஏதோ எழுதினார். குத்தினார். நீட்டினார்.

புன்ஹீ தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பதவி, ‘உதவி’. முத்திரை பாதி கட்டத்துக்கு வெளியே.” தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “இது ரிஜெக்ட்.”

“என்னது?”

“மறுபடி செய்யுங்க.”

கதவருகே யங்டே சிரிப்பை விழுங்கியது எனக்குக் கேட்டது. தன்னைத் தவிர இன்னொருவர் ரிஜெக்ட் ஆவதைப் பார்க்கும் சந்தோஷம் அது. புன்ஹீ கம்ப்யூட்டரில் இரண்டு பொத்தான்களைத் தட்டினாள். பிரிண்டர் முனகி முனகிப் புதுத் தாளைத் துப்பியது. ஓக் பேனாவைக் கையில் எடுத்தார். மேஜைமேல் வரிசையாக அடுக்கியிருந்த கேஜ்களைப் பார்த்தார். சுவரோர அலமாரியைப் பார்த்தார். வருடவாரியாக ஆய்வு ரிப்போர்ட் கோப்புகள். ஒன்றை இழுத்துப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே கையெழுத்து. இன்னொரு கோப்பு, அதிலும் அதே. பத்தொன்பது கோப்புகள் இருந்தன. ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு குனிந்து, பள்ளிக்கூடப் பையனைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: ‘தலைமை ஆய்வாளர்’. முத்திரையை இரண்டு கையாலும் பிடித்து, கட்டத்துக்குமேல் நிறுத்தி, மூச்சை அடக்கிக் குத்தினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். நான்கு ஓரமும் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

“சரி,” என்றாள்.

“இனிமே இங்க யாரு அளப்பா?” ஓக் மெதுவாகக் கேட்டார்.

“நீங்கதான். உங்க கண்ணுக்கு ஒரு குறையும் இல்லையே. என்னைத் தவிர மத்ததெல்லாம் நல்லாத் தெரியுது. ஒன்பது நாள் சொல்லித் தர்றேன்.” உறையைத் தேடிக்கொண்டே சொன்னாள், “அங்க உங்க சிலிண்டரை நான் பார்க்கக்கூடாது, சட்டம் அப்படி. வேற ஆள் பார்ப்பாங்க. அவங்க மேஜை என் பக்கத்து மேஜை. மானத்தை வாங்காம அனுப்புங்க.”

யங்டே கிண்ணத்துக்குத் திரும்பினார். நானும் பியோ சாரும் மூட்டையோடு கிளம்பினோம். வாசல் தாண்டுவதற்குள் ஓக் பின்னாலேயே வந்து பியோ சாரின் சட்டைக் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். சுத்தியல் குரலைத் தாழ்த்தினால் சின்னச் சுத்தியல் ஆகும், அவ்வளவுதான். பட்டறை முழுக்கக் கேட்டது.

“சார், இன்னொரு கேஸ். அந்தப் பக்கத்து மேஜை ஆளு... ஆம்பளையா? என்ன வயசு? கல்யாணம் ஆனவனா? டீ குடுத்தது அவன்தானா? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க.”

“அவங்ககிட்டயே கேட்கலாமே?” என்றார் பியோ சார்.

ஓக் அளவு அறையின் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். புன்ஹீ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு தாளை உறைக்குள் போட்டு ஒட்டுகிற வேலை. ஒட்டினாள், பிரித்தாள், மறுபடி ஒட்டினாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. அந்த முதுகு எதற்கோ காத்திருந்தது.

ஓக் சாங்மான் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, கேட்பதற்காக உள்ளே போனார்.